கையெழுத்து வைத்த நாளில் நீங்கள் யார்?

கொஞ்ச நாளாகத் திரும்பவும் அந்த ரெலிபோன் அழைப்புகள் வரத் தொடங்கிவிட்டன. முன்பு பிபிஐ, அதாவது கடனோடு சேர்த்து விற்ற தவணைக் காப்புறுதி; இப்போது கார்க் கடன். டீலருக்கு இரகசியக் கொமிஷன் போயிருக்கிறது, உங்களுக்குக் காசு வரவேண்டியிருக்கிறது, ஒரு கையெழுத்து மட்டும் வையுங்கள், மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்கிறார்கள். 2025 ஆகஸ்ட் 1 அன்று பிரித்தானிய உச்ச நீதிமன்றம் கார்க் கடன் எடுத்த மூன்று பேரின் வழக்கில் ஒருவருக்கு மட்டும் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. அவர் வென்றது நுகர்வோர் கடன் சட்டத்தின் 140ஏ பிரிவில். கடன் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் இடையிலான உறவு நியாயமற்றதா என்று நீதிமன்றம் பார்க்க இடம்கொடுக்கும் பிரிவு அது. பிபிஐ விவகாரத்தின் கடைசி அத்தியாயத்தைத் தொடக்கிவைத்ததும் அதே பிரிவுதான்.

அந்த நாட்களில் சொந்தக்காரர், அயலவர், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பலருக்கு நான் முறைப்பாட்டுக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதிலும் வீட்டுக் கடனோடு சேர்த்து விற்ற காப்புறுதிதான் நம் ஆட்களிடம் அதிகம் இருந்தது. லண்டனுக்கு வந்த தமிழருக்குக் கிரெடிட் கார்ட் பிந்தியது, வீடுதான் முந்தியது. ஈஸ்ட் ஹாமிலும் ஹரோவிலும் ரூட்டிங்கிலும் இரண்டு வேலை செய்து டெபொசிட் சேர்த்து வாங்கிய வீடுகள். அந்த வீடுகளின் மோட்கேஜ் கோப்புக்குள் பாதிப் பேருக்குத் தெரியாமலே ஒரு பொலிசி படுத்துக்கிடந்தது.

அது என்ன பொலிசி? விபத்து, நோய், வேலை இழப்பு ஆகிய மூன்றில் ஒன்று நடந்து சம்பளம் நின்றால், மாதாந்தம் கட்டவேண்டிய வீட்டுக் கடன் தவணையைக் காப்புறுதிக் கம்பனி கட்டும். பெரும்பாலும் 12 மாதம் வரைதான். முதல் 30 நாளோ 60 நாளோ ஒன்றும் வராது. நீங்கள் செத்துப்போனால் இது கடனை அடைக்காது. அதற்கு ஆயுள் காப்புறுதி வேறு. வீடு எரிந்தால் கட்டடக் காப்புறுதி வேறு. டெபொசிட் குறைவாகப் போட்டவர்களிடம் வங்கி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு காப்புறுதி எடுத்து, அதன் செலவை உங்கள் தலையில் கட்டும், அதுவும் வேறு. இந்த நாலையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, வெறும் கட்டடக் காப்புறுதிக்கு முறைப்பாடு எழுதச் சொல்லி வந்தவர்களும் உண்டு. கோப்பைத் திறந்து எது எது என்று பிரித்து வைப்பதிலேயே வேலையில் பாதி முடிந்துவிடும்.

இந்தக் காப்புறுதியே ஒரு மோசடி என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1991இல் மட்டும் பிரித்தானியாவில் 75,000க்கு மேற்பட்ட வீடுகள் கடன் கட்ட முடியாமல் பறிபோயின. வேலை போனவர்களின் வீட்டுக் கடன் வட்டிக்கு அரசாங்க உதவி அப்போது இருந்தது. 1995 ஒக்டோபரில் அதை வெட்டினார்கள். அதற்குப் பிறகு புதிதாகக் கடன் எடுத்தவர், வேலை போனால் முதல் 39 வாரத்துக்கு அரசாங்கத்திடம் ஒரு பென்னியும் எதிர்பார்க்க முடியவில்லை. அந்த ஒன்பது மாத இடைவெளியைத் தனியார் காப்புறுதி நிரப்பும் என்பது அரசாங்கத்தின் கணக்கு. ஆக, விற்றவர்கள் இல்லாத பயத்தைக் கற்பனை செய்து காட்டவில்லை. தனியார் கம்பனியில் முழுநேர வேலை, நோய் வந்தால் சம்பளமில்லை, கையில் சேமிப்பில்லை, உடம்பு நல்ல சுகம் என்று இருந்த ஒருவருக்கு இது உண்மையிலேயே உதவக்கூடிய சாமான். 2009இல் கட்டட நிறுவனத்தில் வேலை போன ஒருவரை எனக்குத் தெரியும். ஒரு வருடம் முழுக்கப் பொலிசிதான் அவர் வீட்டைக் காப்பாற்றியது. பிறகு எல்லாரும் காசு எடுக்கிறார்களே என்று அவரும் முறைப்பாடு எழுதித்தரச் சொல்லி வந்தார். நான் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதியிருந்தாலும், கட்டிய காசில் பொலிசி கொடுத்த காசைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் பார்த்திருப்பார்கள்.

கோளாறு, பொருந்தாதவர்களுக்கும் அதே சாமானைத் தலையில் கட்டியதில்தான். பொலிசியின் பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படித்தால் யார் யாருக்குப் பொருந்தாது என்று அவர்களே எழுதி வைத்திருப்பார்கள். வாரம் 16 மணித்தியாலத்துக்குக் குறைவாக வேலை செய்பவர். தற்காலிக ஒப்பந்தத்தில் இருப்பவர். பொலிசி எடுக்க முன்பே நோய் உள்ளவர், அந்த நோயைப் பொறுத்தவரை. முதுகு வலியும் மன அழுத்தமும் பல பொலிசிகளில் தனி நிபந்தனைக்கு உட்பட்டவை. சாதாரண ஆள் வேலைக்குப் போக முடியாமல் படுப்பதே பெரும்பாலும் இந்த இரண்டாலும்தான். சுயதொழில் செய்பவருக்கோ வேலை இழப்புப் பகுதி பேருக்குத்தான். தொழிலை நிரந்தரமாக மூடி, வரித் திணைக்களத்துக்கு அறிவித்து, வேலை தேடுபவராகப் பதிந்தால்தான் காசு. ஓட்டம் குறைந்துவிட்டது, இரண்டு மாதமாக வருமானமில்லை என்பதெல்லாம் கணக்கில் வராது.

இப்போது நம் ஆட்களை நினைத்துப் பாருங்கள். மினிகாப் (வாடகைக் கார்) ஓடியவர்கள், சின்னக் கடை வைத்திருந்தவர்கள், ஏஜென்சி மூலம் கிழமைக்குக் கிழமை வேலைக்குப் போனவர்கள். நாற்பது தாண்டியதும் சீனி வருத்தமும் பிரஷரும் வந்தவர்கள். கணவன் மனைவி இருவர் பேரிலும் கடன். பொலிசியும் ஆளுக்குப் பாதி. மனைவி வேலைக்கே போகாதவர் என்றால் அந்தப் பாதி எந்தக் காலத்திலும் ஒரு சதம் தராது. இதெல்லாம் மோட்கேஜ் விண்ணப்பத்தின் முதல் இரண்டு பக்கத்திலேயே இருந்த விபரங்கள். விற்றவருக்குத் தெரியாமல் போக வழியில்லை.

என்னுடைய மாமா ஒருவரின் கோப்பைச் சொன்னால் விளங்கும். 2002இல் ஈஸ்ட் ஹாமில் வீடு வாங்கினார். கடன் கொடுத்த வங்கியின் கிளையிலேயே, அவர்களுடைய மோட்கேஜ் ஆலோசகரே எல்லாப் படிவமும் நிரப்பினார். மாமா மினிகாப் ஓட்டம், சொந்தக் கணக்கு. மாதம் 35 பவுண் ஒரு காப்புறுதிக்குப் போய்க்கொண்டிருந்தது. 2010இல் காலில் ஒரு புண் வந்து ஆறாமல், மாதக் கணக்கில் வாகனம் ஓட முடியாமல் போனது. பொலிசி இருக்கிறதுதானே என்று தைரியமாக ரெலிபோன் எடுத்தார். புண்ணுக்குக் காரணம் நீரிழிவு, நீரிழிவு பொலிசிக்கு முந்தியது, ஆகவே தர முடியாது என்று கடிதம் வந்தது.

அந்தக் கடிதத்தை நாய்க்குணம் என்று திட்டிவிட்டு அவர் அலுமாரிக்குள் போட்டுவிட்டார். அடுத்த வருடம் பேப்பரில் பிபிஐ தீர்ப்பு வந்த பிறகுதான் எடுத்துக்கொண்டு வந்தார்.

"மாமா, பொலிசி எடுத்த நேரம் உங்களுக்குச் சீனி வருத்தம் இருந்ததோ?"

"ஓமடா தம்பி, அது தொண்ணூற்றெட்டிலையே வந்திட்டுது. டொக்டரிட்டைப் பதிவிருக்கு."

"அந்த ஆலோசகர் வருத்தம் ஏதும் இருக்கோ எண்டு கேட்டவரோ?"

"வருத்தம் கேட்கேல்லை. எத்தினை பிள்ளையள் எண்டு கேட்டவர்."

"இது கட்டாயம் எண்டு சொன்னவரோ?"

மாமா கொஞ்சம் யோசித்தார். "கட்டாயம் எண்டு சொன்னதா ஞாபகமில்லை. இதையும் போட்டால் அலுவல் கெதியிலை முடியும் எண்டார். நான் ஓம் எண்டிட்டன்."

இந்த இடம் முக்கியம். அந்தக் காலத்தில் இணையத்தில் சுற்றிய மாதிரிக் கடிதங்கள் எல்லாவற்றிலும் "கட்டாயம் என்று சொன்னார்கள்" என்ற வரிதான் முதல் வரி. முறைப்பாடு எடுத்து நடத்தும் கம்பனிகளும் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் எழுதின. அது உண்மையாக நடந்தவர்களும் ஏராளம், மறுக்கவில்லை. ஆனால் பத்து வருடத்துக்கு முன் ஓர் அறைக்குள் இரண்டு பேர் பேசியதை யார் நிரூபிப்பது? வங்கியிடம் 'இது விருப்பத்துக்குரியது' என்று அச்சடித்த படிவம் இருக்கும். அதற்குக் கீழே உங்கள் கையெழுத்தும் இருக்கும். மாமாவைக் கட்டாயம் என்று சொல்ல வைத்திருந்தால் முதல் கேள்வியிலேயே தடுமாறியிருப்பார். அவர் சொன்ன "அலுவல் கெதியிலை முடியும்" என்ற வசனத்தையே நான் அப்படியே எழுதினேன். அதை யாரும் மாதிரிக் கடிதம் என்று சொல்ல முடியாது.

ஆனால் கடிதத்தின் கனம் அதில் இல்லை. பேசிய பேச்சு எவருக்கும் தெரியாது; கையெழுத்து வைத்த நாளில் நீங்கள் யார் என்பதற்குக் கடதாசி இருக்கிறது. என்ன வேலை, எத்தனை மணித்தியாலம், யாரிடம் சம்பளம், நோய் வந்தால் எத்தனை மாதம் சம்பளம் வரும், என்ன வருத்தம், என்ன மருந்து, கையில் எவ்வளவு சேமிப்பு. இவற்றை எழுதிவிட்டு, உங்கள் பொலிசியின் எந்த நிபந்தனை இவற்றில் எதோடு முட்டுகிறது என்று காட்டினால் போதும். கோபமும் வேண்டாம், சட்டப் பிரிவுகளும் வேண்டாம். மாமாவின் கடிதம் ஒரு பக்கம்கூட வரவில்லை. நான் சுயதொழில் செய்பவன், வேலை இழப்புப் பகுதி எனக்கு எப்படிப் பயன்படும் என்று விளக்கப்படவில்லை. எனக்கு 1998 முதல் நீரிழிவு, முன்பே உள்ள நோய்க்குக் காசு வராது என்று சொல்லப்படவில்லை. சொல்லியிருந்தால் எடுத்திருக்க மாட்டேன். இதோ டொக்டரின் பதிவு, இதோ வரிக் கணக்கு, இதோ நீங்கள் மறுத்து அனுப்பிய கடிதம்.

முறைப்பாடு எழுத முன் இன்னொரு வேலை செய்தோம். உங்களைப் பற்றி வங்கி வைத்திருக்கும் பதிவு முழுவதையும் கேட்டு வாங்க உங்களுக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறது. அப்போது 10 பவுண் காசோலை இணைக்க வேண்டும். 40 நாளுக்குள் அனுப்புவார்கள். 2018 மே மாதம் புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அந்தக் கட்டணமும் இல்லை. மாமாவின் பதிவு ஒரு தடித்த உறையில் வந்தது. விண்ணப்பப் படிவத்தின் முதல் பக்கத்தில் ஆலோசகரின் சரிந்த நீலமைக் கையெழுத்தில் 'சுயதொழில், மினிகாப்' என்று இருந்தது. சில பக்கம் தள்ளி, காப்புறுதிப் பகுதியில் 'வேலை இழப்பு' என்ற பெட்டிக்குள் சரி அடையாளம். அதே நீல மை. மாமா கறுப்பு மையில் தமிழில் வைத்த கையெழுத்து அடியில். நான் எழுதிய ஒரு பக்கக் கடிதத்தைவிட அந்தப் படிவம் நன்றாகப் பேசியது. அதை வைத்திருந்தது வங்கியேதான்.

மாமிக்கு இதெல்லாம் பிடிக்கவேயில்லை. "பாங்க்காரனோடை ஏன் தம்பி சண்டை? பிறகு வீட்டை எடுத்துப்போட்டாங்கள் எண்டால் நாங்கள் எங்கை போறது?" என்று நான் போகும்போதெல்லாம் கேட்பார். இந்தப் பயம் மாமிக்கு மட்டும் இல்லை. வீட்டுக் கடன் கொடுத்தவனைப் பகைக்கக் கூடாது என்பது நம் வீடுகளில் எழுதாத சட்டம். முறைப்பாடு வேறு, கடன் ஒப்பந்தம் வேறு. தவணை ஒழுங்காகக் கட்டுகிறவரை முறைப்பாட்டுக்காக வங்கி ஒன்றும் செய்ய முடியாது. சொன்னேன். மாமி தலையாட்டினார், நம்பவில்லை.

வெளியே பெரிய சண்டை ஏற்கனவே நடந்து முடிந்திருந்தது. மக்களுக்கு இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பு 2005 செப்ரெம்பரில் பிபிஐ மீது முறைப்படி பெரு முறைப்பாடு ஒன்றைப் போட்டது. அதிலிருந்து விசாரணைகள், சின்னச் சின்ன அபராதங்கள். 2010 ஆகஸ்டில், வங்கிகளைக் கண்காணித்த நிதிச் சேவைகள் ஆணையம், முறைப்பாடுகளை எப்படிக் கையாள வேண்டும் என்று கண்டிப்பான விதிகள் போட்டது. வங்கிகள் எல்லாம் சேர்ந்து தங்கள் சங்கம் மூலம் அதை எதிர்த்து உயர் நீதிமன்றம் போயின. 2011 ஏப்ரல் 20 அன்று தோற்றன. மேன்முறையீடு செய்யப்போவதில்லை என்று மே 9 அன்று கைவிட்டன. அதற்கு முன்பே லொயிட்ஸ் வங்கி 3.2 பில்லியன் பவுண் ஒதுக்கிவிட்டிருந்தது. அதைக் கேட்டு எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். முடிவில் அதே வங்கிக்கு 20 பில்லியனுக்கு மேல் போனது.

தோற்றுவிட்டார்கள் என்பதற்காக ஒழுங்காக நடந்துகொண்டார்கள் என்று எண்ண வேண்டாம். எங்களுக்கு வந்த முதல் பதில் மறுப்புத்தான். விற்பனை 'ஆலோசனை இன்றி' நடந்தது, தகவல் மட்டுமே கொடுத்தோம், நிபந்தனைகள் புத்தகத்தில் உள்ளன, வாடிக்கையாளர் கையெழுத்திட்டுள்ளார், முடிந்தது. நீரிழிவு பற்றி ஒரு சொல் இல்லை. சுயதொழில் பற்றியும் இல்லை. எந்த முறைப்பாட்டுக்கும் பொருந்தக்கூடிய பதில் அது. பின்னால் 2015இல் லொயிட்ஸ் வங்கிக்கு 117 மில்லியன் பவுண் அபராதம் விதித்தபோது காரணம் வெளியே வந்தது. முறைப்பாடுகளைப் பார்த்த ஊழியர்களுக்கு, வங்கியின் விற்பனை முறை பொதுவாகச் சரியானது என்று முதலிலேயே எடுத்துக்கொள்ளும்படி வழிகாட்டப்பட்டிருந்தது. மாமாவின் வங்கி எது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தச் செய்தியைப் படித்தபோது எங்களுக்கு வந்த கடிதத்தின் நடை எனக்கு நன்றாக விளங்கியது.

இந்த முதல் மறுப்போடுதான் நம்மில் பலர் விட்டுவிட்டார்கள். வங்கியே எழுதிவிட்டது, இனி என்ன என்று. உண்மையில் அது நடுவழிதான். வங்கிக்கு எட்டுக் கிழமை அவகாசம். அதற்குள் இறுதிப் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் பிடிக்காவிட்டாலோ, நிதி ஒம்புட்ஸ்மனிடம், அதாவது நிதி நிறுவனங்கள் மீதான முறைப்பாடுகளைத் தீர்க்கும் சுயாதீன நடுவரிடம், போகலாம். இறுதிப் பதில் வந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். உங்களுக்குச் செலவில்லை, கட்டணம் நிறுவனங்களிடமிருந்து அறவிடப்படும். ஒம்புட்ஸ்மன் சொல்வதை நீங்கள் ஏற்றுக்கொண்டால் வங்கியும் ஏற்றே ஆகவேண்டும். உங்களுக்குப் பிடிக்காவிட்டால் நீங்கள் நீதிமன்றம் போகலாம். இவ்வளவு ஒரு பக்கம் சாய்ந்த ஏற்பாடு இந்த நாட்டில் வேறு எங்கே இருக்கிறது என்று நான் இப்போதும் யோசிப்பதுண்டு.

ஒரே குறை, காத்திருக்க வேண்டும். 2012 - 13 நிதி ஆண்டில் அங்கே ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட புதிய முறைப்பாடுகள் போயின. அதில் முக்கால்வாசி பிபிஐ. டொக்லண்ட்ஸில் இருந்த அந்தக் கந்தோருக்கு ஆட்களைச் சேர்த்து முடியவில்லை. மாமாவின் கோப்பு ஒரு வருடத்துக்கு மேல் வரிசையில் கிடந்தது. ஒருநாள் விசாரணையாளர் ஒருவர் ரெலிபோன் எடுத்து மாமாவோடு நேரே பேச வேண்டும் என்றார். கேட்டது இரண்டே கேள்வி. ஆலோசகர் இதை எடுங்கள் என்று பரிந்துரைத்தாரா, அல்லது தகவலை மட்டும் தந்துவிட்டு உங்கள் விருப்பம் என்றாரா? நீரிழிவு பற்றிய நிபந்தனை தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அங்கே எல்லாம் இந்த இரண்டில்தான் சுழலும். பரிந்துரைத்திருந்தால் பொருத்தமா என்று பார்த்திருக்க வேண்டும். பரிந்துரைக்காவிட்டாலும் முக்கியமான நிபந்தனையைத் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். எந்தக் கதவால் வங்கி ஓடினாலும் நீரிழிவு குறுக்கே நின்றது. முறைப்பாடு ஏற்கப்பட்டது.

எல்லாருக்கும் அப்படி அமையவில்லை. மருத்துவமனையில் வேலை செய்த ஓர் அக்காவுக்கு அரைகுறை. என்எச்எஸ்ஸில் (அரச மருத்துவ சேவையில்) ஐந்து வருட சேவை இருந்தால் நோய்க்கு ஆறு மாதம் முழுச் சம்பளம், ஆறு மாதம் பாதிச் சம்பளம். அந்த அக்காவுக்கு இந்தப் பொலிசியின் நோய்ப் பகுதி என்ன தேவை என்று எனக்குத் தோன்றியது. ஒம்புட்ஸ்மன் பக்கமோ, சம்பளத்துக்கு மேலதிகமாகவும் அது காசு தரும், ஆகவே முற்றிலும் பயனற்றது என்று சொல்ல முடியாது என்று வாதித்தது. இப்போது யோசித்தால் அதிலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. பிறகு விலையைத் தெளிவாகச் சொல்லவில்லை என்ற வேறு காரணத்தில்தான் அந்த அக்காவின் முறைப்பாடு தப்பியது.

புரோக்கர் மூலம் எடுத்தவர்களின் கதை இன்னும் சிக்கல். வங்கி விற்றதா, புரோக்கர் விற்றாரா என்பது முதலில் தெரியவேண்டும். முறைப்பாடு விற்றவர் மேல்தான் போகும். பொதுக் காப்புறுதி விற்பனை நிதிச் சேவைகள் ஆணையத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்ததே 2005 ஜனவரி 14 அன்றுதான். அதற்கு முன் தனிப் புரோக்கர் ஒருவர் விற்றிருந்தால் பெரும்பாலும் ஒம்புட்ஸ்மன் கைவைக்க முடியாது. 2003இல் நம்மவர் ஒருவரின் கந்தோரில், தேத்தண்ணி குடித்துக்கொண்டே கையெழுத்து வைத்த ஒரு குடும்பத்துக்கு நான் இதைத்தான் சொல்ல வேண்டி வந்தது. அவர்களுக்கு அதில் பாதி நிம்மதி. தெரிந்த மனிசன் மேல் முறைப்பாடு போட்டால் கோயிலில் எப்படி முகம் பார்ப்பது என்ற கவலை தீர்ந்தது.

இனிக் காசுக் கணக்கு. ஏற்கப்பட்ட முறைப்பாட்டில், பொலிசியே எடுக்காதிருந்தால் எந்த நிலையில் இருந்திருப்பீர்களோ அந்த நிலைக்கு உங்களைக் கொண்டுவர வேண்டும் என்பது கொள்கை. தனியாள் கடன்களில் காப்புறுதிப் பணம் முழுவதையும் முதல் நாளே கடனோடு சேர்த்து, அதற்கும் வட்டி போட்டிருப்பார்கள். அந்தக் கணக்கு நீளும். வீட்டுக் கடன் பொலிசி பெரும்பாலும் மாதாமாதம் கட்டுவது என்பதால் கணக்கு லேசு. கட்டிய ஒவ்வொரு தவணையும் திரும்ப வரும். ஒவ்வொரு தவணைக்கும் கட்டிய நாளிலிருந்து வருடம் 8 சதவீதத் தனி வட்டி. ஓர் உதாரணத்துக்கு, மாதம் 35 பவுண் 12 வருடம் கட்டியிருந்தால் 5,040 பவுண். வட்டி சுமார் 2,400. வட்டியில் 20 சதவீதத்தை வரியாகப் பிடித்துக்கொண்டு, கையில் 6,960 அளவில் வரும்.

இதே வேலையை முறைப்பாடு எடுத்து நடத்தும் கம்பனியிடம் கொடுத்திருந்தால்? 30 சதவீதம், அதற்கு மேல் வாட் வரி என்று வாங்கிய கம்பனிகள் சர்வ சாதாரணம். மேலே சொன்ன தொகையில் 2,500 பவுண் போய்விடும். 2018இல் சட்டம் போட்டு 20 சதவீதம், அதோடு வாட் என்று மட்டுப்படுத்தினார்கள். அதற்குள் பெரும் பகுதி முறைப்பாடுகள் முடிந்துவிட்டன. அவர்கள் செய்ததெல்லாம் ஒம்புட்ஸ்மனின் வினாக்கொத்தை நிரப்பித் தபாலில் போட்டது. அதையும் நீங்கள் சொன்ன விபரம் கேட்டு நிரப்பவில்லை. எல்லாருக்கும் ஒரே பதில். பொலிசியே இல்லாதவர்கள் பேரில்கூட முறைப்பாடு போட்டவர்கள் உண்டு. ஆங்கிலத்தில் எழுதத் தயங்கியவர்கள், வேலை முடிந்து களைத்து வந்தவர்கள், கந்தோர்க் கடிதம் என்றால் கைநடுங்குபவர்கள்தான் அவர்களுக்கு நல்ல வாடிக்கையாளர். முதலில் பொருந்தாத பொலிசியை வாங்கியவர்களும் இதே ஆட்கள்தான் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. வங்கி மீது வந்ததைவிடக் கொஞ்சம் கூடவே.

2014 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் திருமதி பிளெவின் வழக்கின் தீர்ப்பு வந்தது. கடன் எடுத்தபோது 59 வயது, கணவரை இழந்தவர், கல்லூரி விரிவுரையாளர். வீட்டை ஈடுவைத்து 2006இல் 34,000 பவுண் இரண்டாம் கடன் எடுத்தவர். அதோடு 5,780 பவுண் காப்புறுதி. அதில் காப்புறுதிக் கம்பனிக்குப் போனது வெறும் 1,630, மிச்சம் 71.8 சதவீதமும் புரோக்கரும் கடன் கொடுத்த கம்பனியும் பங்கிட்ட கொமிஷன். அவருக்கு அது சொல்லப்படவில்லை. இந்த உறவு நியாயமற்றது என்றது நீதிமன்றம். பொலிசி உங்களுக்குப் பொருந்தியிருந்தாலும் கொமிஷன் மறைக்கப்பட்டிருந்தால் முறைப்பாடு செய்யலாம் என்று ஆனது. பாதிக்கு மேல் போன கொமிஷனைத் திருப்பித்தர வேண்டும் என்று, நிதிச் சேவைகள் ஆணையத்தின் இடத்துக்கு வந்த நிதி நடத்தை ஆணையம் விதி போட்டது. ஆனால் நம் ஆட்கள் பலர் இதில் ஏமாந்தார்கள். 2004 ஒக்டோபர் கடைசிக்குப் பிறகு எடுத்த, கட்டுப்பாட்டுக்குட்பட்ட முதல் மோட்கேஜ்களுக்கு 140ஏ பிரிவு செல்லாது. அந்தக் காலத்தில் வீட்டின் மேல் எடுத்த இரண்டாம் கடனுக்குச் செல்லும். 'வீட்டுக் கடன்' என்று நாம் ஒரே பெயரில் சொல்லும் இரண்டும் சட்டத்தின் கண்ணில் வேறு வேறு.

எல்லாவற்றுக்கும் 2019 ஆகஸ்ட் 29 கடைசி நாள் என்று அறிவித்தார்கள். ஆர்னோல்ட் ஷ்வார்ஸ்னேகரின் தலையை மட்டும் பொம்மையாகச் செய்து, அது உருண்டு திரிந்து மக்களை அதட்டுவதாக ரிவியில் விளம்பரம் போட்டது நினைவிருக்கலாம். வெட்டிய தலை ஒன்று வந்து கத்தும் வரைக்கும் அசையாமல் இருந்தவர்களில் என் வீட்டாரும் உண்டு. முடிவில் திரும்பிய காசு 38 பில்லியன் பவுணுக்கு மேல்.

அந்தக் கதவு மூடிவிட்டது. பழைய பொலிசிக் கடதாசியை இப்போது கண்டெடுத்தவர்கள் பொதுவாக ஆணையத்தின் வழியில் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு விலக்கு இருக்கிறது. இன்னமும் அந்தப் பொலிசியை வைத்துத் தவணை கட்டிக்கொண்டிருப்பவர்கள் சிலர் உண்டு. அவர்களுக்கு இனி நோயோ வேலை இழப்போ வந்து கோரிக்கை வைத்து, விற்ற நாளிலேயே சொல்லியிருக்க வேண்டிய ஒரு நிபந்தனையைக் காட்டிக் கம்பனி மறுத்தால், அந்தக் கடைசித் தேதி அவர்களைக் கட்டுப்படுத்தாது. ஆகவே கட்டுகிறவர்கள் பழைய கோப்பை வீசிவிட வேண்டாம். பொலிசி அட்டவணை, மோட்கேஜ் விண்ணப்பத்தின் பிரதி, அந்த வருடத்துச் சம்பளச் சீட்டு அல்லது வரிக் கணக்கு, டொக்டர் பதிவில் நோய் தொடங்கிய திகதி ஆகிய நாலும் ஒரே உறைக்குள் இருக்கட்டும். கார்க் கடன் என்றாலும் அப்படித்தான். ஒப்பந்தப் பிரதியைத் தேடி எடுத்துவிட்டு நீங்களே கடன் கொடுத்த கம்பனிக்கு எழுதுங்கள். அழைப்பில் வருகிறவர்களுக்குப் பதில் சொல்லத் தேவையில்லை.